நிறத்தை எண்ணால் பிடித்தவன்

ஓவிய வகுப்பில் இலைகளுக்குச் செங்கல் நிறம் அடித்ததற்காகப் பெஞ்சின் மேல் நிற்கவைக்கப்பட்ட பையன், வளர்ந்த பிறகு கடைத்தெருவில் பாதிக் கடைகளுக்குப் பெயர்ப்பலகை வடிவமைத்தான். வயர்களின் நிறம் தெரியவில்லை என்று எலெக்ட்ரீஷியன் படிப்பில் சேர்க்க மறுத்த பயிற்சி நிலையமே, பிற்பாடு தன் சேர்க்கை விளம்பரத்துக்கு அவன் கையைத்தான் நாடி வந்தது. வந்தவர்களுக்கு அவன் யார் என்று தெரியாது, அவனும் சொல்லிக்கொள்ளவில்லை. நூலகம் நடத்திய சுவரொட்டிப் போட்டியில், பெரிய பெரிய நிறுவனங்களை ஓரங்கட்டிவிட்டுத் தான் வேலை பார்த்த சின்னக் கடைக்கு முதல் பரிசை வாங்கிக் கொடுத்தான். கணினி வகுப்புப் பக்கம் தலைவைத்துப் படுத்ததில்லை. எல்லாம் பார்த்துப் பார்த்துப் படித்ததுதான். யாரையும் லேசில் நம்பாத முதலாளியம்மா, கடைச் சாவியை நம்பிக் கொடுத்த முதல் ஆளும் அவன்தான். இத்தனையையும் அவன் சாதித்தது, சிவப்புக்கும் பச்சைக்கும் வித்தியாசம் தெரியாத ஒரு ஜோடிக் கண்களை வைத்துக்கொண்டு.

வீட்டில் அவனுக்குத் 'தம்பி' என்று பெயர். கடையில் 'நம்பர்'.

வீடு என்பது மாடியில் இரண்டு அறை. அம்மா, அக்கா, தம்பி என்று மூன்று பேர். தம்பிக்கு நிறம் தெரியாது என்பதை முதலில் கண்டுபிடித்தவள் அக்காதான். அம்மா தக்காளி வாங்கிவரச் சொல்லி அனுப்பினால் அவன் பழம் பாதி காய் பாதியாகக் கொண்டுவருவான். "கண்ணை எங்க வெச்சுட்டுப் போன?" என்று அம்மா திட்டுவாள். ஒருநாள் அக்கா இரண்டு தக்காளியை எடுத்து அவன் முன்னால் வைத்து, எது பழம் என்று கேட்டாள். அவன் இரண்டையும் விரலால் அமுக்கிப் பார்த்துவிட்டு, "இது" என்று சரியாகச் சொன்னான். அமுக்காமல் சொல் என்றபோது விழித்தான். அன்றிலிருந்து தக்காளி வாங்குவது அக்காவின் வேலையாயிற்று. கண் மருத்துவர் பிற்பாடு அதையே ஒரு பெரிய பெயர் வைத்துச் சொன்னார். பிறவியிலேயே வருவது, மருந்து கிடையாது, பயப்படவும் வேண்டாம் என்றார்.

பயப்படவேண்டாம் என்று மருத்துவர் சொன்னது கண்ணைப் பற்றி. பயிற்சி நிலையத்தில் நடந்தது வேறு. விண்ணப்பம் கொடுத்த இடத்தில், கேட்பதற்கு முன்பே தம்பி உண்மையைச் சொல்லிவிட்டான். அங்கிருந்தவர் பேனாவை மூடினார். அத்தோடு முடிந்தது கதை. வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதே அவன் அக்காவிடம் சொன்னான்: "இனிமே எங்கேயும் இதைச் சொல்லப்போறதில்ல."

அப்படித்தான் அவன் டிஜிட்டல் பேனர் அடிக்கும் கடைக்குள் வாயை மூடிக்கொண்டு நுழைந்தான். முதலில் சுருட்டுவது, வெட்டுவது, ஓரத்தில் கயிறு கோக்கக் கண் அடிப்பது. பிறகு கணினிமுன் உட்காரும் ஆள் வேலையை விட்டுப் போனபோது அந்த நாற்காலி காலியாயிற்று. "உட்கார்ந்து பாரேன்" என்றார் முதலாளியம்மா. அவன் உட்கார்ந்தான்.

நிறம் தெரியாதவன் எப்படி வடிவமைப்பான் என்று கேட்கலாம். கணினியில் ஒவ்வொரு நிறத்துக்கும் ஆறு இலக்கத்தில் ஒரு எண் உண்டு. முதல் இரண்டு இலக்கம் சிவப்பு எவ்வளவு, அடுத்த இரண்டு பச்சை எவ்வளவு, கடைசி இரண்டு நீலம் எவ்வளவு என்று சொல்லும். தம்பி அதைப் பிடித்துக்கொண்டான். கண் ஏமாற்றினாலும் எண் ஏமாற்றாது என்பது அவன் கணக்கு. அக்கா பள்ளிச் சீருடை தைக்கும் தையல் கூடத்தில் வேலை பார்த்தாள். நூல் பெட்டியில் எத்தனை வகைச் சிவப்பு இருக்கிறது என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்லுவாள். விடுமுறை நாட்களில் நூல்கட்டைகளைக் கணினித் திரையின் ஓரத்தில் ஒவ்வொன்றாகப் பிடித்துப் பார்ப்பாள். "இது துரு. இது மாதுளை. இதுக்கும் இதுக்கும் நடுவுல இருக்கிறது பழைய செங்கல்." அவன் அந்தந்த எண்ணைத் தலைக்குள் போட்டுக்கொள்வான். கொஞ்ச காலத்தில், வாடிக்கையாளர் வந்து "கொஞ்சம் வெயில்ல வெளிறின சிவப்பா வேணும்" என்றால், கண்ணை மூடி எண்ணைச் சொல்லும் அளவுக்குத் தேறிவிட்டான். நிறத்தைப் பெயரால் சொல்லாமல் எண்ணால் சொல்கிறானே என்று கடையில் எல்லாருக்கும் வியப்பு. அசாத்தியத் திறமை என்று நினைத்து 'நம்பர்' என்று பெயர் வைத்தார்கள். திறமைதான். அவர்கள் நினைத்த காரணத்தால் அல்ல, அவ்வளவுதான்.

புகைப்படங்கள் வரும் வேலையில்தான் அவனுக்கு உதவி தேவைப்பட்டது. படத்தில் லட்சம் புள்ளிகள், லட்சம் எண்கள். அதை எங்கே போய் மனப்பாடம் செய்வது? அதனால் வேலை முடிந்ததும் படத்தைக் கைபேசியில் அக்காவுக்கு அனுப்புவான். அக்கா தையல் மெஷினை நிறுத்திவிட்டுப் பார்த்து, "முகம் சரி, சேலை சரி, புல்லு கொஞ்சம் காஞ்ச மாதிரி இருக்கு" என்று பதில் போடுவாள். வருஷக்கணக்காக இந்த ஏற்பாடு தடையில்லாமல் ஓடியது.

மாட்டிக்கொண்டது ஒரு பேக்கரி பேனரில்.

அந்த வாரம் முழுக்க அக்கா கறுப்புத் துணியில் கறுப்பு நூல் போட்டுத் தைத்துக்கொண்டிருந்தாள். கண்ணில் நீர் கொட்டியது. கூட வேலை பார்ப்பவள் சொன்னாள் என்று கைபேசியில் 'கண் பாதுகாப்பு' என்று இருந்ததைத் தட்டிவிட்டாள். திரை இதமாக மங்கி, மஞ்சளும் சிவப்புமாக ஒரு சாயம் பூசிக்கொண்டது. ஒருநாளில் கண் அதற்குப் பழகிவிட்டது, அவளும் மறந்துவிட்டாள். அப்போதுதான் தம்பி பேக்கரி பேனரை அனுப்பினான். அடுக்கி வைத்த ரொட்டி, பன், பின்னால் அடுப்பு.

"ரொட்டி ரொம்பச் சிவந்திருக்குடா, செங்கல் மாதிரி. சிவப்பைக் குறை" என்றாள் அக்கா. அவன் குறைத்தான். "இன்னும் கொஞ்சம்." இன்னும் குறைத்தான். "ஆங், இப்பச் சரி."

இயந்திரம் பேனரை அடித்து, அடித்தபடியே தானாகச் சுருட்டிக்கொண்டது. மையின் வாடையோடு அப்படியே கட்டிக் கொடுத்துவிட்டார்கள். சாயங்காலம் பேக்கரிக்காரர் அதைத் தோளில் போட்டுக்கொண்டு திரும்பி வந்தார். கடை நடுவில் விரித்தார். ரொட்டி, பன் எல்லாம் பச்சை பூத்துக் கிடந்தன.

"இன்னிக்குக் காலையில சுட்டதுன்னு எழுதச் சொன்னேன்" என்றார் பேக்கரிக்காரர். "எழுதியும் இருக்கீங்க. படத்தைப் பார்த்தா போன வருஷம் சுட்டு, மழையில நனைய வெச்ச மாதிரி இருக்கு. இதை மாட்டினா சுகாதார அதிகாரிதான் முதல் ஆளா வருவாரு."

இயந்திரத்தை ஓட்டுகிறவருக்குக் கடையில் 'மெஷின் அண்ணன்' என்று பெயர். அவர் குனிந்து பேனரை மோப்பம் பிடிக்காத குறையாகப் பார்த்தார். "சிவப்பு மை அடைச்சிருக்கு. சிவப்பு இறங்கலைன்னா இப்படித்தான் பச்சையடிக்கும்" என்றார். அனுபவஸ்தர் சொன்னதில் யாருக்கும் சந்தேகம் வரவில்லை. தம்பிக்கு அந்த ரொட்டியில் ஒரு குறையும் தெரியவில்லை. தன் கண்ணுக்குத் தெரியாத ஏதோ நடந்துவிட்டது என்பது மட்டும் தெரிந்தது. வாய் வரைக்கும் வந்த சொல்லை விழுங்கிவிட்டான்.

வீட்டுக்கு வந்து அதே படத்தை அக்காவின் கைபேசியிலும் அம்மாவின் கைபேசியிலும் திறந்து பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்கள். அக்காவுடையதில் அருமையான ரொட்டி. அம்மாவுடையதில் பாசி.

"போச்சு. என் போன்தான் இந்த வேலை பண்ணியிருக்கு" என்றாள் அக்கா.

"உன் போன் பண்ணல, என் கண்ணு பண்ணுச்சு. அங்க மெஷின் அண்ணன் மை தெளிக்கிற ஹெட்டைக் கழட்டி ஊற வெச்சிருக்காரு. அடைப்பே இல்லாத ஹெட்டு" என்றான் தம்பி. அம்மா தன் கைபேசியை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள்.

மறுநாள் பக்கத்து ஜெராக்ஸ் கடைக்காரர் வந்து முதலாளியம்மாவுக்கு யோசனை சொன்னார். அந்தக் கடையும் இந்தக் கடையும் படம் செய்வது ஒரே வலைதளத்தில்தான். இலவசக் கணக்கில். "கட்டணம் கட்டிப் பாருங்க. ஏ.ஐ. எல்லாம் உள்ள இருக்கு. நிறத்தை அதுவே திருத்திடும்" என்றார். ஒரு மாதம் சும்மா பார்த்துவிட்டு, பிடித்தால் பணம் கட்டலாம் என்று ஒரு வசதியும் இருந்தது. முதலாளியம்மா தம்பியைக் கூப்பிட்டார்.

"நம்பர், இலவசத்துல என்ன பண்ண முடியுது, கட்டணத்துல என்ன பண்ண முடியுதுன்னு ரெண்டையும் வெச்சுப் பார்த்துச் சொல்லு. நீ வேணும்னா வேணும். வேண்டாம்னா வேண்டாம். எனக்கு அது ஒண்ணும் புரியாது, உன்னை நம்பித்தான் விடறேன். இந்த வரிசைக் கடைக்காரங்க எல்லாம் கேட்டுட்டு இருக்காங்க, அவங்களுக்கும் அதான் பதில்."

தம்பி அந்த வேலையில் இறங்கிய விதத்தைப் பார்க்கவேண்டும். கடைக்கு வரும் ஒவ்வொரு வேலையையும் இரண்டு தடவை செய்தான். ஒரு தடவை இலவசக் கணக்கில், கையால். இன்னொரு தடவை கட்டணக் கணக்கில், ஏ.ஐ.யை விட்டு. பின்பு இரண்டையும் பக்கத்தில் வைத்து, குற்றம் கண்டுபிடிக்கும் மாமியார்போல உற்றுப் பார்த்தான்.

படத்தின் பின்னணியை நீக்குவதில் கட்டணம் கெட்டிக்காரத்தனம் காட்டியது. கலைந்த தலைமுடியைக்கூட இழை இழையாக விட்டுவிட்டுச் சுற்றியிருந்ததை மட்டும் துடைத்தது. ஆனால் சைக்கிள் கடைப் படத்தைக் கொடுத்தபோது சக்கரக் கம்பிகளையும் சேர்த்துத் துடைத்துவிட்டது. சின்னப் படத்தை இருபுறமும் நீட்டித் தரும் வசதி ஒன்று இருந்தது. பாத்திரக் கடையின் முகப்பை நீட்டச் சொன்னான். அது தன் கற்பனையில் ஒரு கதவும் இரண்டு ஜன்னலும் கட்டிக் கொடுத்தது. பார்க்க அவ்வளவு அசலாக இருந்தது. பாத்திரக் கடைக்காரர் திரையைப் பார்த்துவிட்டு, "பக்கத்துக் கட்டடத்தையும் என் பேருக்கு எழுதிக் கொடுத்துட்டியா? இதை அவன்கிட்ட யாரு சொல்றது?" என்றார்.

எழுதிக் கேட்டால் படம் வரைந்து தருவது இலவசத்திலும் உண்டு, கொஞ்சத் தடவைதான் கேட்கலாம். கட்டணத்தில் தாராளம். தையல் மெஷினில் உட்கார்ந்திருக்கும் பெண் ஒருத்தியை வரையச் சொல்லி அக்காவுக்கு அனுப்பினான். அக்கா நிதானமாகப் பார்த்தாள். "ஊசி துணிக்கு அந்தப் பக்கம் இருக்கு. நூல் எங்கேருந்து வருதுன்னே தெரியல. வலது கையில ஆறு விரல். இருக்கட்டும், ஆறு விரல் இருந்தா கூலி கூட்டிக் கேட்கலாம்" என்றாள். படத்துக்குள் தமிழில் எழுதச் சொன்னால் இரண்டு கணக்கிலும் ஒரே கோலம்தான், கோழி கிளறிய மண் மாதிரி. ஒரு வடிவத்தை ஒரே அழுத்தில் பல அளவுகளுக்கு மாற்றித் தருவது கட்டணத்தில் மட்டும். கைபேசி விளம்பரங்களுக்கு அது பெரிய வரம். ஆனால் பேனர் கடையில் ஓடுவது நாலைந்து அளவுகள்தான், அவற்றுக்கு அச்சு ஏற்கெனவே தயாராக இருந்தது.

இப்படி ஒவ்வொன்றாகத் தள்ளிக்கொண்டே வந்தவன் ஒன்றில் மட்டும் நின்றுவிட்டான். கட்டணக் கணக்கில் 'நிற உதவி' என்று ஒன்று. படத்தின் மேல் எங்கே அம்புக்குறியைக் கொண்டுபோனாலும் அந்த இடத்தின் நிறத்தைப் பெயர் சொல்லிச் சொன்னது. தோல் நிறம் இயல்புக்கு மாறாகப் போனால் எச்சரித்தது. காய்கறி, பழம், ரொட்டி என்று பொருளை அடையாளம் கண்டு, இது இந்த நிறத்தில் இருக்கவேண்டாமா என்று கேட்டது. தம்பி பேக்கரி பேனரை அதில் திறந்தான். 'ரொட்டியில் பச்சைச் சாயம் அதிகம், திருத்தவா?' என்று கேட்டது திரை.

அன்று அவன் வீட்டுக்கு வந்தபோது முகத்தில் அப்படி ஒரு வெளிச்சம். படிக்கட்டிலிருந்தே பேசிக்கொண்டு வந்தான். "அக்கா, இன்னிக்கு ஏழு போட்டோ வேலை. ஒண்ணுக்குக்கூட உன்னைக் கூப்பிடல, கவனிச்சியா? எனக்கே தெரியுதுக்கா. யாரையும் கேட்காம."

அக்கா கவனித்திருந்தாள். தையல் கூடத்தில் நாள் முழுக்கக் கைபேசியை எடுத்து எடுத்துப் பார்த்திருந்தாள். "நல்லதுடா" என்றாள். சந்தோஷமும் ஏதோ ஒன்று கைநழுவிப்போன மாதிரியும் இரண்டும் இருந்தன. சந்தோஷம்தான் கூடுதல்.

ஆனால் மாதம் முடிய முடிய அவன் பேச்சு குறைந்தது. துணி மடித்துக்கொண்டிருந்த அக்கா ஒரு மாலை நேராகவே கேட்டாள்.

"என்ன, முடிவு பண்ணியாச்சா?"

"பண்ணியாச்சு. கடைக்கு இலவசமே போதும்."

"நிற உதவி?"

"அது கடைக்கு வேண்டாம். எனக்குத்தான் வேணும்."

"உனக்கு வேணும்னா கடைக்கு வேணும்னு சொல்லு. அந்தம்மாவே நீ வேணும்னா வேணும்னு சொல்லிட்டாங்களே. உன் வாயிலருந்து ஒரு சொல்லு, வருஷம் பூரா நிம்மதி. யாருக்கும் எதுவும் தெரிய வேண்டியதில்ல."

"அவங்க என்னை நம்பிக் கேட்டாங்கக்கா. எனக்காக ஒண்ணை வாங்க வெச்சுட்டு, கடைக்காகன்னு சொல்லணுமா? வரிசையில இருக்கிற கடைக்காரங்களும் அதைக் கேட்டு வாங்குவாங்க. அவங்க கண்ணெல்லாம் நல்லாத்தான் இருக்கு."

"சரி, இலவசம் போதும்னு சொல்லிட்டு வா. நான் இருக்கேன் பார்க்கறதுக்கு. போன்ல அந்தக் கண் பாதுகாப்பையும் எடுத்துட்டேன்."

"மெஷின் அண்ணன்?"

அக்கா மடித்த துணியையே மறுபடி மடித்தாள்.

"ஹெட்டு தேய்ஞ்சுபோச்சு, மாத்தணும்னு மேடம் பேச ஆரம்பிச்சுட்டாங்க. அவரு தன் கையே சரியில்லையோன்னு நினைக்கிறாரு. காரணம் நான்னு சொல்லணும்னா எல்லாத்தையும் சொல்லணும்."

"முன்னாடி ஒருத்தர்கிட்ட சொன்ன. பேனாவை மூடினாரு."

"ஞாபகம் இருக்கு" என்றான் தம்பி. வேலை போனால் எப்படியும் பார்த்துக்கொள்ளலாம் என்று அக்கா தனக்குள் சொல்லிக்கொண்டாள். போகும் என்றே நினைத்தாள்.

மறுநாள், சீருடைகளில் வைத்துத் தைக்கத் தம்பியின் கடையில் அச்சடிக்கக் கொடுத்திருந்த அளவுச் சீட்டுகளை வாங்கிவரவேண்டும் என்று தையல் கூடத்தில் சொல்லிவிட்டு அவள் கடைக்குப் போனாள். சீட்டு இரண்டு நாள் கழித்துத்தான் தேவை. போகாமல் இருக்க முடியவில்லை. கடையில் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. முதலாளியம்மா மேசைக்கு அந்தப் பக்கம், தம்பி இந்தப் பக்கம். அக்கா கதவருகே நின்றுகொண்டாள்.

"நம்ம கடைக்கு இலவசமே போதும் மேடம்" என்று சொல்லிக்கொண்டிருந்தான்.

"அப்படியா? நிறத்தையெல்லாம் அதுவே திருத்தும்னு ஜெராக்ஸ்காரர் சொன்னாரே."

"திருத்தும். நல்லாவே திருத்தும். ஆனா அது எனக்கு மட்டும்தான் வேணும்."

"உனக்கு மட்டும்னா?"

"எனக்குச் சிவப்பு, பச்சை தெரியாது மேடம். பிறந்ததுலருந்தே."

முதலாளியம்மா அவன் முகத்தையே பார்த்தார். பிறகு, இதைக் கேட்கிற எல்லாரும் செய்வதையே செய்தார். மேசையில் இருந்த ஸ்டேப்ளரைத் தூக்கிக் காட்டினார். "இது என்ன நிறம்?"

"தெரியல மேடம்."

கோப்பு அட்டையைக் காட்டினார். "இது?"

"நீலம். நீலம் தெரியும்."

சத்தம் கேட்டு, கையைத் துணியில் துடைத்துக்கொண்டே மெஷின் அண்ணன் வந்துவிட்டார். "என் சட்டை என்ன நிறம், சொல்லு பார்ப்போம்."

"அழுக்கு" என்றான் தம்பி.

முதலாளியம்மாவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது, அடக்கிக்கொண்டார். மெஷின் அண்ணன் சிரிக்கவில்லை. அவர் மனசு வேறெங்கோ போயிருந்தது.

"அப்ப அந்த ரொட்டி..."

"நான்தான் அண்ணே. சிவப்பை அளவுக்கு மீறிக் குறைச்சுட்டேன். உங்க மையில அடைப்பே இல்ல. அன்னிக்கே சொல்லியிருக்கணும்."

"ஹெட்டைக் கழட்டி ஊற வெச்சேனேடா. ஒண்ணும் வரல, ஒண்ணும் வரலன்னு ரெண்டாவது தடவையும் ஊற வெச்சேன். ராத்திரி வீட்டுல என் பொண்டாட்டிகிட்ட, எனக்கு வயசாயிடுச்சுன்னு சொன்னேன்."

"மன்னிச்சுடுங்கண்ணே."

"அவளும் ஆமான்னுட்டா" என்று சொல்லிவிட்டு மெஷின் அண்ணன் விறுவிறுவென்று உள்ளே போய்விட்டார்.

முதலாளியம்மா கேட்டார்: "இத்தனை வருஷமா எப்படிச் சமாளிச்ச?"

தம்பி கதவுப் பக்கம் பார்த்தான். அக்கா இரண்டடி உள்ளே வந்தாள். "எண்ணெல்லாம் அவனே தலையில வெச்சிருக்கான் மேடம். போட்டோ மட்டும் நான் பார்த்துச் சொல்லுவேன். அன்னிக்கு என் போன்ல நிறம் மாறியிருந்தது எனக்குத் தெரியல."

"அப்ப ரெண்டு பேர் வேலையை ஒரு சம்பளத்துல வாங்கிட்டு இருந்திருக்கேன்" என்றார் முதலாளியம்மா. அது கோபமா வேடிக்கையா என்று அக்காவால் கண்டுபிடிக்க முடியவில்லை. "நான் யோசிக்கணும். நாளைக்கு வா" என்று மட்டும் தம்பியிடம் சொன்னார்.

மறுநாள் காலையில் தம்பி எப்போதும்போலக் குளித்து, எப்போதும்போலச் சட்டையை இஸ்திரி போட்டுப் போனான்.

கடை திறந்திருந்தது. மெஷின் அண்ணன் வாசலில், வெயில் படும் இடமாகப் பார்த்து ஒரு மேசையை இழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். மேசைமேல் கையகல பேனர்த் துண்டு ஒன்று. அதில் பேக்கரியின் ரொட்டி, புதிதாகத் திருத்தியது.

"இனிமே எந்த போட்டோ வேலையா இருந்தாலும் முதல்ல கையகலம் அடிச்சு, இங்க வெளிச்சத்துல வெச்சு நான் பார்ப்பேன். பார்த்துட்டுத்தான் மீதி" என்றார், அவன் முகத்தைப் பார்க்காமலே. "உன்மேல பாசம்னு நினைச்சுக்காத. இன்னொரு தடவை ஹெட்டை ஊற வைக்க என்னால முடியாது."

"ரொட்டி எப்படிண்ணே இருக்கு?"

"சாப்பிடலாம் போல இருக்கு. போய் வேலையைப் பாரு."

உள்ளே முதலாளியம்மா கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தார். தலையைத் தூக்கவில்லை. "கட்டணம் வேண்டாம்னு நீ சொன்னதால வேண்டாம்னு விட்டாச்சு. வெளிச்சத்துல பார்க்கிறதுன்னு நம்ம மெஷின்காரன் ஒரு வழி சொல்றான், அது எனக்குச் சரின்னு படுது. எப்பவாவது அது போதாதுன்னு தோணிச்சுன்னா வந்து கேளு, அந்த நிற உதவிக்குப் பணம் கட்டறேன். எனக்குக் கண்ணாடி வாங்கலையா, அந்த மாதிரிதான்." பிறகு சொன்னார்: "அந்த ஒப்பீட்டை ஒரு தாள்ல எழுதிக் கொடு. ஜெராக்ஸ்காரர் காப்பி எடுத்து எல்லாக் கடைக்கும் கொடுக்கிறதா சொல்றாரு. உன் கண்ணு விஷயத்தை எழுதறதும் விடறதும் உன் இஷ்டம்."

தம்பி எழுதினான். எந்தக் கடைக்கு எது என்று பிரித்துப் பிரித்து எழுதினான். தினமும் கைபேசிக்கு விளம்பரம் போடுகிற துணிக்கடைக்குக் கட்டணம் கட்டுவது லாபம், ஒரே அழுத்தில் எல்லா அளவும் வந்துவிடும். ஆட்களின் படத்தை வெட்டி ஒட்டுகிற ஸ்டுடியோவுக்கும் அப்படியே. பேனர் கடைக்கும் ஜெராக்ஸ் கடைக்கும் இலவசமே தாராளம். ஏ.ஐ. நீட்டிக் கொடுக்கும் படத்தை உரிமையாளரிடம் காட்டாமல் அச்சடிக்க வேண்டாம், இல்லாத கதவைக் கட்டிவிடும். விரல்களை எண்ணிப் பார்க்கவும். சாயங்காலம் அக்கா உட்கார்ந்து வரிவரியாகப் படித்தாள். "சைக்கிள் கம்பியை எல்லாத்தையும் துடைக்கல, முன் சக்கரத்துல மட்டும்தான், நீதானே காட்டின? சரியா எழுது" என்று திருத்தினாள்.

கடைசிப் பத்திக்கு வந்ததும் நிறுத்தினாள். அதில் இப்படி இருந்தது: 'கட்டணக் கணக்கில் நிற உதவி என்று ஒன்று உண்டு. மற்றவர்களுக்கு அது அவசியமில்லை. நிறங்களைப் பிரித்தறிய முடியாதவர்களுக்கு அது பெரிய துணை. இதை எழுதுகிறவனுக்குச் சிவப்பும் பச்சையும் தெரியாது. அதனால் இதை உறுதியாகச் சொல்ல முடிகிறது.'

"இது பயிற்சி நிலையத்துக்கும் போகுமேடா. அவங்களும் இந்த வரிசையிலதானே அச்சடிக்கிறாங்க" என்றாள் அக்கா.

"போகட்டும்."

அவள் அந்தப் பத்தியில் ஒரு எழுத்தையும் தொடவில்லை. திருத்துவதற்கு அதில் எதுவும் இருக்கவில்லை.

மறுநாள் முதலாளியம்மா தாளை வாங்கி மேலிருந்து கீழ்வரை படித்தார். அடியில் கடையின் பெயர் இருந்தது. "இது எதுக்கு?" என்றார்.

"எப்பவும் கடை பேருதானே மேடம் போடுவோம்."

"கடைக்குக் கண்ணு நல்லாத்தான் இருக்கு. எழுதினது யாரோ அவன் பேரைப் போடு. யாராவது கேள்வி கேட்டா உன்கிட்டதான் அனுப்புவேன்."

பெயர்ப்பலகைகள், பரிசு வாங்கிய சுவரொட்டி, கடைத்தெரு முழுக்கத் தொங்கிய பேனர்கள் என்று அதுவரை அவன் கையால் வெளியே போன எதிலும் அவன் பெயர் கிடையாது. மேசையிலிருந்த பேனாவை எடுத்தான். கடையின் பெயரை ஒரே கோட்டில் அடித்துவிட்டு, அதற்குக் கீழே தன் முழுப்பெயரை நிதானமாக, சுழி பிசகாமல் எழுதிக் கையெழுத்திட்டான். அன்று மார்ச் மாதம் பதினான்காம் தேதி, வெள்ளிக்கிழமை.